கழற்றிப் போட்ட போர்டு

செப்டம்பர் 17, புதன்

ஜனவரியில் கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி இது. இதுவரை என் வீட்டுக்காரி வடிவு இதில் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது இதைத் தூக்கி என் முன்னால் போட்டாள்.

"தெனமும் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பொம்பளையப் பத்தியே பேசுதீங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. இதுல எழுதித் தொலைங்க."

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

அந்தப் பொம்பளையின் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரி. நாற்பது வயது, என்னைவிட ஆறு வயது குறைவு. பெங்களூரில் பெரிய லேபில் பதினைந்து வருஷம் இருந்தாளாம். அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பினாள். எங்கள் முதலாளி காந்திமதிநாதன் அண்ணாச்சிக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. வீட்டுக்கே போய்ப் பேசிக் கூட்டிவந்துவிட்டார்.

நான் இந்தக் கடையில் இருபத்தோரு வருஷம். திருநெல்வேலி ஜங்ஷனில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தருவது யார் என்று. ஆவுடையப்பன் என்பார்கள். "ஹார்ட் டிஸ்க் டாக்டர்" என்று கடைப் பலகையிலேயே என் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தது. போன வாரம் பலகையைப் புதிதாக அடித்தார்கள். அதில் டாக்டரும் இல்லை, ஆவுடையப்பனும் இல்லை. இடம் போதவில்லையாம்.

என் மேஜை மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. நான் இருந்த ஏசி அறையில் இப்போது அவளும் அவளுடைய மைக்ராஸ்கோப்பும் இருக்கிறார்கள். வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு படிவம் நீட்டுகிறாள். எப்போது கெட்டது, எப்படிக் கெட்டது, இதற்கு முன் யாராவது கைவைத்தார்களா? ஆஸ்பத்திரிச் சீட்டு தோற்றது. நான் டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அவள் இரண்டு டிஸ்க் முடித்தாள். நான் ஒன்று. என்னுடையது கஷ்டமானது.

செப்டம்பர் 22, திங்கள்

ஹெப்சிபா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரைநாள் லீவு. அண்ணாச்சியும் தென்காசி போயிருந்தார். கடை எனக்கே எனக்கு என்று இருந்தது. காலையிலிருந்து விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

பதினொரு மணிக்கு மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாயும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். பாய் கழுத்தில் துண்டு கட்டியிருந்தார். துண்டுக்குப் பின்னால் கழுத்து நடுவில் ஒரு ஓட்டை. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம், ஒன்றரை வருஷம் ஆகிறது. கையில் ஒரு நோட்டு, பேனா. அதில் எழுதி என்னிடம் காட்டினார்: "கலந்தர். விளம்பரக் குரல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலந்தர் பாய்! ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு இந்த ஊர்த் தெருவெல்லாம் கேட்ட குரல். ஆடித் தள்ளுபடி, புதுப்படம், சர்க்கஸ், காணாமல்போன பிள்ளை, எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். எங்கள் கடை திறந்தபோது மூன்று நாள் சுற்றி அறிவித்தவரும் அவர்தான். "ஹார்ட் டிஸ்க் டாக்டர்" என்று எனக்குப் பேர் வைத்ததே அவர் வாய்தான். ஒருநாள்கூட நேரில் பேசியதில்லை. இனிப் பேசவும் முடியாது.

வீட்டம்மா சபுரா ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்துச் சொன்னார்கள்: "தம்பி, இவுக பேசுனது பூரா இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. பதினோரு வருசம். அடாப்டரக் காணோம்னு ஆம்ப்ளிபயர் அடாப்டரச் சொருவிட்டாக. கருகுன வாட அடிச்சுது. அதோட போச்சு."

மைக் செட்டுக்காரர்கள் வீட்டில்தான் இப்படி நடக்கும். எல்லா வயரும் ஒரே கூடையில் கிடக்கும்.

"மத்ததெல்லாம் போனாலும் போவுது. ஒண்ணே ஒண்ணு வேணும். ஆப்பரேசனுக்கு மொதநாள் ஆசுவத்திரியில உக்காந்து ஒண்ணு பேசிப் பதிஞ்சாக. எம்மவ நஸீமா நிக்காஹ்க்கு வாறவுகள வாங்கன்னு கூப்புடுதது. மாப்ளயே அமையாத நேரத்துல பேசி வச்சாக. இப்ப அக்டோபர் பன்னெண்டு நிக்காஹ். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிட்ட வாயி தம்பி இது."

 பாய் அந்தம்மா முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நோட்டில் எழுதினார்: "டாக்டர் நீங்க இருக்கீங்க. பயம் இல்ல."

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. பொய் சொல்வானேன். "ரெண்டே நாள் பாய்" என்றேன்.

ஹெப்சிபா வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். எதற்கு? என்னைத் தேடி வந்த ஆள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டிஸ்க்கின் அடிப்பக்க போர்டு கருகியிருந்தது. பார்த்தாலே தெரிந்தது. நம்மிடம் அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்று கிடந்தது. அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டினேன். இந்த வைத்தியத்தில் எத்தனை டிஸ்க்கை எழுப்பியிருப்பேன், கணக்கே இல்லை.

சுற்றியது. ஆனால் டிக், டிக், டிக் என்று உள்ளே தட்ட ஆரம்பித்தது.

புதுசுகளில் கருகிய போர்டில் இருக்கும் எட்டுக்கால் சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும், அதில்தான் அந்த டிஸ்க்கின் ஜாதகமே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எள்ளு அளவுகூட இல்லாத கால்கள். மைக்ராஸ்கோப் வேண்டும். மைக்ராஸ்கோப் யார் அறையில் இருக்கிறது? அவளிடம் போய் நின்று "கொஞ்சம் தாரியாம்மா" என்று கேட்க வேண்டுமாக்கும்.

சில நேரம் திரும்பத் திரும்பப் போட்டால் பிடித்துக்கொள்ளும். போட்டுப் பார்த்தேன். ஒரு பத்துத் தடவை இருக்கும். கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.

எரிச்சலில் கருகின போர்டைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் எறிந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

அண்ணாச்சி கேட்டார்: "ஏ ஆவுடை, கலந்தர் பாய் டிஸ்க் என்னாச்சு?"

"உள்கோளாறு அண்ணாச்சி. ஹெட் போயிருக்கும்."

ஹெட் என்பது உள்ளே சுற்றுகிற தட்டைப் படிக்கிற சின்ன முனை. அது போனால் டிஸ்க்கைப் பிளந்துதான் மாற்றவேண்டும். அந்த வேலைக்குத்தான் அவளைக் கொண்டுவந்தது. உடனே, "அப்பம் ஹெப்சிகிட்ட குடு" என்றார். ஹெப்சியாம். வந்து ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் பெயர் சுருங்கிவிட்டது. என்னை இருபத்தோரு வருஷமாக ஏ ஆவுடைதான்.

படிவத்தை நான்தான் நிரப்பவேண்டி வந்தது. "இதற்கு முன் யாராவது கைவைத்தார்களா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். போர்டு மாற்றுவதெல்லாம் கைவைப்பதில் சேருமா என்ன? சட்டை மாற்றுவது மாதிரி.

அவள் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். "பாய் வீட்டம்மாகிட்ட போன்ல கேட்டேன், கருகுன வாட வந்துச்சுன்னு சொன்னாங்களே அண்ணே. போர்டுல ஒரு கருப்பக்கூடக் காணோமே. நீங்க ஏதும் மாத்துனீங்களா?"

"நான் தொடவே இல்ல. வாட அடாப்டர்லேருந்து வந்திருக்கும்."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள். அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 27, சனி

மூன்று நாளாக அவளால் முடியவில்லை! பெங்களூர் லேப், பதினைந்து வருஷம், மைக்ராஸ்கோப், மண்ணாங்கட்டி. டிக், டிக் என்று தட்டுகிற சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டி என் படிக்கட்டு மேஜைவரை கேட்கிறது. கேட்கக் கேட்க எனக்கு டீ இனிக்கிறது.

மத்தியானம் வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றாள். "நீங்க காதுல வச்சே சொல்லுவீங்களாமே அண்ணே. சார் சொன்னாங்க. இது என்னன்னு சொல்லுங்களேன்."

வாங்கிக் காதில் வைத்தேன். ரொம்ப நேரம் கேட்பதுபோல இருந்தேன். "ஹெட்டுதான்" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன். புது ஹெட்டுக்கு ஆர்டர் போடுதேன். பூசை லீவெல்லாம் கழிஞ்சு வந்துரும்."

வடிவு ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள், "என்ன, ரெண்டு நாளா மூஞ்சி பளபளன்னு இருக்கு? அந்தப் பொம்பள வேலைய விட்டுட்டாளா?"

"இல்ல. இப்பத்தான் வேலையே படிக்கா" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. வடிவு சிரிக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூசைக்குக் கடை சுத்தம். கழிவுப் பெட்டியெல்லாம் வழக்கம்போலப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் அண்ணாச்சி, ஹெப்சிபா, கஸ்டமர்கள், எல்லாரும் இருந்தார்கள். நல்ல வெயில்.

அக்டோபர் 1, புதன்

பூசை. வருஷாவருஷம் அண்ணாச்சி என் ஸ்க்ரூடிரைவர் செட்டுக்குத்தான் முதல் சந்தனம் வைப்பார். அது கடையின் வழக்கம். இந்த வருஷம் தட்டை எடுத்துக்கொண்டு நேரே ஏசி அறைக்குள் போனார். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம் வேறு. "லென்ஸ்ல பட்டுராம சார்" என்று அவள் சொல்ல, "சரிம்மா சரிம்மா" என்று இவர் குழைய, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் ஸ்க்ரூடிரைவருக்கு மிச்சச் சந்தனம். தண்ணியாகப் போயிருந்தது.

பொரிகடலையைத் தட்டில் போட்டு அவளே எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது நாட்டுச் சர்க்கரை கூடுதலாக வைத்தாள். வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது?

கலந்தர் பாய் டிஸ்க்கும் அவள் மேஜையில் இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தார் அண்ணாச்சி. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஜும்மா முடிந்து பாயும் சபுராவும் வந்தார்கள். பாய் நேராக ஏசி அறைக்குப் போகாமல் முதலில் என் மேஜைக்கு வந்து நின்று நோட்டில் எழுதினார்: "எப்படி இருக்கு?"

"அவுககிட்ட குடுத்திருக்கு பாய். பாக்காக" என்றேன்.

ஹெப்சிபா அவர்களை உட்காரவைத்துப் பேசினாள். நானும் கதவோரம் போய் நின்றேன். நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். இதில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது.

"திங்கக்கெழம காலையில பத்து மணிக்கு டிஸ்க்கத் தொறந்து ஹெட்ட மாத்தப் போறேன். தொறந்தா ஒண்ணு வேல செய்யும், இல்ல மொத்தமாப் போயிரும். தொறக்காமச் செய்ய ஏதாச்சும் வழி இருந்தா நான் தொறக்கவே மாட்டேன். எனக்கு வேற வழி தெரியல."

சபுரா கேட்டார்கள், "எத்தன பங்கும்மா நம்பலாம்?"

"பாதிக்குப் பாதிம்மா."

 கலந்தர் பாய் நோட்டில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு என்னிடம் காட்டினாள். "எனக்கும் டாக்டர் இதையேதான் சொன்னார். பாதிக்குப் பாதி. வெட்டுங்க."

நல்ல ஹெட்டைப் பிடுங்கிவிட்டு வேறு ஹெட் மாட்டப் போகிறாள். ஒன்றும் இல்லாத வயிற்றைக் கிழிப்பது மாதிரி. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 4, சனி

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வடிவு, "வயிறா, வேறெதுமா?" என்றாள். எழுந்துவந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வடிவிடம் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேட்டையில் பழைய சாமான்காரர் கொட்டகைக்குப் போனேன். ஞாயிறு அடைப்பு. வீட்டுக்குப் போய் எழுப்பினேன். சட்டை போடாமல் வந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி, போட்டத திரும்பக் கேக்கீய?"

"ஒரு போர்டு தவறுதலா வந்துட்டு."

"கம்ப்யூட்டர் போர்டெல்லாம் தனியா மூட்ட கட்டி மெட்ராசுக்கு அனுப்புவோம். லீவு வந்ததால இன்னும் போவல. நாளைக்கு லாரி. உங்க நேரம், தேடிக்கிடுங்க."

மூன்று மூட்டை. தரையில் கொட்டி உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. கையெல்லாம் கீறல். விரல் நீளப் பச்சை போர்டுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி நம்பர் பார்த்தேன். கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோயிருந்தேன், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

மூன்றாவது மூட்டையில், ஒரு மணிக்குக் கிடைத்தது. ஓரத்தில் அதே கருகல். எட்டுக்கால் சிப் முழுசாக இருந்தது. "அப்பனே நெல்லையப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஹெப்சிபாவின் நம்பர் போனில் இருக்கிறது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வீட்டுக்கு வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தெரு முக்கு திரும்பும்போது வேறொன்று தோன்றியது. அவள் எதற்கு? கடைச்சாவி என்னிடம் இருக்கிறது. நாளை எட்டரைக்கே போய்ச் சிப்பை நானே மாற்றிவிட்டால்? பத்து மணிக்கு அவள் கத்தியைத் தூக்கிக்கொண்டு வரும்போது டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி பார்ப்பார். பாய் பார்ப்பார். டாக்டர் யாரென்று தெரியும்.

காய் வாங்க மறந்துவிட்டேன். வடிவு திட்டினாள்.

அக்டோபர் 6, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்குக் கடையைத் திறந்தேன். ஏசி அறைக்குள் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கருகின போர்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எதைத் திருகினாலும் ஒரே மஞ்சள் மூட்டம். ஒருவழியாகச் சிப் தெரிந்தது, மலை மாதிரி. சூட்டுக்கோலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். என் கை நடுங்குவதும் மலை மாதிரியே தெரிந்தது. வெளியே பார்த்தால் நடுக்கமே இல்லை. உள்ளே பார்த்தால் கோல் அங்கும் இங்கும் ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் ஆடினால் சிப் பொசுங்கிவிடும். அது போனால் கலந்தர் பாய் குரல் போச்சு. அதற்கு மாற்று உலகத்தில் இல்லை.

கோலைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

"அண்ணே."

ஒன்பது மணிக்கே வந்து நின்றாள். பெரிய வேலை என்று அவளும் சீக்கிரம் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். கிட்டே வந்து போர்டின் நம்பரைப் படித்தாள். டிஸ்க்கைத் திருப்பி அதையும் படித்தாள். அவளுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"கழிவுப் பெட்டியில... பழைய சாமான்ல போயிட்டு. நேத்துப் போய் எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப என்னைக்கு மாத்துனீங்க?"

"வந்த மறுநாளே."

அவள் முகம் சிவந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"உங்ககிட்ட வந்து கேட்டேன்லா அண்ணே? காதுல வச்சுப் பாருங்கன்னு கேட்டேன்லா? இன்னும் ஒரு மணி நேரத்துல நல்லா இருக்க டிஸ்க்கப் பொளந்திருப்பேன். அந்த மனுசன் வெட்டுங்கன்னு எழுதிக் குடுத்தாரு."

 

படிவத்தை எடுத்து "இல்லை" என்று நான் எழுதிய இடத்தைக் காட்டினாள். "அடிச்சுட்டு எழுதுங்க. எத்தன தடவ கரண்ட் குடுத்தீங்கன்னும் எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

எழுதினேன். போர்டு மாற்றியது, ஆவுடையப்பன். கரண்ட் கொடுத்தது, ஐம்பது தடவைக்கு மேல். பத்து என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். ஐம்பதுதான்.

"எந்திரிங்க அண்ணே, அது ஏஞ்சேர்" என்றாள். எழுந்தேன். அவள் உட்கார்ந்து, மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டு, சிப்பைப் பெயர்த்து வைத்து முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த நிலைமையிலும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதிவிடுகிறேன். இந்தக் கை எனக்கு வாய்க்கவில்லையே என்று தோன்றியது.

டிஸ்க் சுற்றியது. தட்டவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

டிஸ்க்கில் மூன்று ஹெட். இரண்டு நன்றாகப் படிக்கின்றன. மூன்றாவது நேற்றுச் சாயந்தரம் செத்துப்போனது. "தப்பான போர்டோட அம்பது தடவ தட்டியிருக்கு அண்ணே. அதுலயே நொந்துபோயிருக்கும். நான் கரண்ட் குடுத்துத் தட்டவச்சதும் சேத்துத்தான்" என்றாள். அவள் கரண்ட் கொடுத்ததும் என் பொய்யை நம்பித்தான். அதை அவள் சொல்லவில்லை.

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மூன்றரை வருஷத்துப் பேச்சுக்கு மேல் இருக்கும்.

நிக்காஹ் அழைப்பு இருந்தது. தொட்டுத் திறந்தாள். "வாங்க..." என்று ஒரு குரல் வந்ததும் உடனே நிறுத்திவிட்டாள். "அவுக வீட்டு விசேசம். அவுகதான் மொதல்ல கேக்கணும்."

அக்டோபர் 9, வியாழன்

காலையில் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். "ஏ ஆவுடை, நீதான் அந்தப் பழைய போர்டத் தேடிக் கொண்டாந்தியாம்லா. ஹெப்சி சொல்லிச்சு. அண்ணன் மட்டும் கொண்டுவரலேன்னா டிஸ்க்கு போயிருக்கும்னுச்சு. பாய்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஏசி அறையைப் பார்த்தேன். அவள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தேடிக் கொண்டுவந்தது நான்தான். தொலைத்தவன் யாரென்பதை மட்டும் விட்டுவிட்டாள். படிவத்தையும் அண்ணாச்சி கண்ணில் காட்டவில்லை.

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதச் சொன்னவள் அவள்தானே. முழுக்கக் கேட்டுவிட்டு, "காட்டிக் குடுக்காம விட்டாளே, நல்ல மனசு" என்றாள்.

"நல்ல மனசுன்னுதான் எனக்கு ஆங்காரமே வருது" என்றேன். வேலையிலும் என்னைவிட மேல். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குணத்திலும் மேல் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"மூஞ்சியப் பாரு" என்று சொல்லிவிட்டு வடிவு துணி மடிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிக்காஹ்க்கு எல்லாரும் போனோம். மண்டபம் நிறைந்துவிட்டது. கலந்தர் பாய் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் பச்சைத் துண்டுமாக வாசலில் நின்றார். ஹெப்சிபாவைக் கண்டதும் நோட்டைத் திறந்து ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததைக் கிழித்துக் கொடுத்தார். முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அவள் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைப்பதுபோலக் கைப்பைக்குள் வைத்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய எனக்கு உயிரே போயிற்று.

பிறகு என்னிடம் வந்தார். எனக்காக எழுதிய வரியைக் காட்டினார். "போர்டைக் கொண்டுவந்து குடுத்த கை. நீங்க இல்லாட்டா இன்னைக்கு நான் ஊமை."

வாசித்துவிட்டுப் பேசாமல் சிரித்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த வரி எனக்கு எழுதியது இல்லை. அவள் விட்டுக்கொடுத்தது. அவள் சாப்பிட்ட இலையில் எனக்குப் பரிமாறின மாதிரி இருந்தது. அதை வாங்கிக்கொள்ள என் வீம்பு விடவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதினால் இந்த டைரியும் பொய்யாகிவிடும்.

"பாய், அந்த போர்டக் கழட்டி எறிஞ்சதே நான்தான். கெடுத்தது நான். அவுககிட்ட பன்னெண்டு நாளா சொல்லாமலும் இருந்தேன். ஒங்க குரல்ல மூணுல ஒரு பங்கு போனது என்னாலதான். மீட்டது பூராவும் ஹெப்சிபாதான்."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து தாளில் வைத்தார். ஏதோ எழுதப் போகிறார் என்று நான் குனிந்தேன். எழுதவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டு, நோட்டை மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் போட்டார்கள். மண்டபமே நின்றுவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நஸீமாவோட வாப்பா பேசுதேன். வாங்க, வாங்க. நேர்ல நின்னு கூப்பிட எனக்குக் குடுத்து வைக்கல. குரல மட்டும் நிக்க வச்சிருக்கேன். யாரும் நின்னுக்கிட்டே இருக்காதீங்க, உக்காருங்க. யாரும் சாப்பிடாமப் போயிரக் கூடாது. எம்மேல மனத்தாங்கல் உள்ளவுக இருந்தாலும் இன்னைக்கு அத வாசல்லயே வச்சுட்டு வந்து எங்கூட உக்காந்து சாப்பிடுங்க."

பெண்கள் பக்கமிருந்து நஸீமா ஓவென்று அழுத சத்தம் கேட்டது. சபுரா மைக் செட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். 

பந்தியில் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். நெய்ச்சோறு வந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிற வாப்பா பந்தி வரிசையில் நடந்து ஒவ்வொருவர் தோளிலும் கைவைத்து, "சாப்பிடுங்க" என்று சொல்வது அவர்கள் வழக்கமாம். கலந்தர் பாயால் சொல்ல முடியாது. கை மட்டும் வைத்துக்கொண்டே வந்தார். கை விழுந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்கள். என் வரிசைக்கு வந்தபோது நான் சோற்றில் கைவைக்காமல் காத்திருந்தேன்.

இடது பக்கம் அண்ணாச்சி தோளில் அந்தக் கை விழுந்தது. அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். ஒரு எட்டு வைத்தார். அடுத்து என் வலது பக்கம் இருந்தவர் தோளில் வைத்தார். அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. எங்கோ வெளியூர், மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருக்கலாம். கறியைக் கடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத அந்த ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.